சோபாவுக்கு மறுபிறவி

தாதரிலும் மாட்டுங்காவிலும் பழைய கட்டடங்கள் இடிபடும்போது ஐம்பது வருடத் தேக்கும் சேர்ந்து வெளியேறுகிறது. கிழிந்த துணிக்காக நல்ல மரத்தை எடைக்குப் போடலாமா?

தாதர் கிழக்கில் எந்தக் கட்டடம் இடிபடப் போகிறது என்று தெரிந்துகொள்ள நோட்டீஸ் பலகையைப் படிக்க வேண்டியதில்லை. வாசலைப் பார்த்தால் போதும். குடித்தனக்காரர்கள் கிளம்புவதற்குப் பல நாட்கள் முன்பே சோபா கிளம்பிவிடும். மூன்று பேர் உட்காரும் நீள சோபா ஒன்று, அதன் ஜோடியான ஒற்றை நாற்காலிகள் இரண்டு, ரெக்ஸின் உரிந்து, ஸ்பாஞ்ச் பிதுங்கி, ஒரு மூலையில் ஸ்பிரிங் தலை நீட்டியபடி சுவரோரம் நிற்கும். பங்கார்வாலா வருவார். சென்னையில் காயலான் கடைக்காரர் என்றால் மும்பையில் பங்கார்வாலா. சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார். துணி போய்விட்டது, ஸ்பாஞ்ச் தூளாகிவிட்டது, ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது என்று குறைகளை அடுக்குவார். மரத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். அவர் வாங்குவது அதைத்தான்.

உட்காரும் சாமான் எதுவுமே இரண்டு ஆயுள் கொண்டது. உள்ளே இருக்கும் மரச்சட்டத்துக்கு ஓர் ஆயுள், மேலே இருக்கும் மெத்தைக்கு இன்னொன்று. நல்ல தேக்கில் கழுந்து வெட்டிப் பொருத்திய சட்டம் ஐம்பது அறுபது வருடம் சாதாரணமாகத் தாங்கும். அதற்குள் துணி நான்கைந்து முறை செத்துப் பிறக்க வேண்டியிருக்கும். முந்தைய தலைமுறை இதைப் புரிந்து வைத்திருந்தது. சோபா பழசானால் குஷன்காரரைக் கூப்பிட்டார்கள். இப்போது டெம்போவைக் கூப்பிடுகிறார்கள்.

மும்பையின் இந்தப் பகுதியில் அந்த நஷ்டம் சற்றுப் பெரியது. காரணம் இங்கே இருந்த சாமான்கள். 1896-ல் பம்பாயைத் தாக்கிய பிளேக்குக்குப் பிறகு, நெரிசலில் மூச்சுத் திணறிய நகரத்தை வடக்கே நகர்த்துவதற்காக 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அதன் கைவரிசைதான் தாதர்-மாட்டுங்கா திட்டம்: மரங்கள் வரிசையாக நிற்கும் அகலமான சாலைகள், ஐந்து தோட்டங்கள், மூன்று நான்கு மாடிக் கட்டடங்கள். மஞ்சேர்ஜி ஜோஷி என்ற பொறியாளர் டிரஸ்டுடன் வாதாடி 103 மனைகளைத் தன் சமூகத்தாருக்கு வாங்கித் தந்ததில் பார்சி காலனி உருவானது. பக்கத்தில் இந்து காலனி. இன்னும் கொஞ்சம் வடக்கே மாட்டுங்காவில் தென்னிந்தியர்கள். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமே தொடங்கும் அளவுக்கு அவர்கள் இங்கே வேரூன்றியிருந்தார்கள்.

புது வீடுகளுக்குப் புது சாமான்கள் தேவைப்பட்டன. 1937-ல் இந்தியக் கட்டடக் கலைஞர்கள் கழகம் பம்பாய் டவுன் ஹாலில் 'லட்சிய வீடு' கண்காட்சி நடத்தியது. வரவேற்பறை எப்படி இருக்க வேண்டும், சோபாவை எங்கே போட வேண்டும் என்று நடுத்தர வர்க்கம் வரிசையில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்ட காலம் அது. உருண்ட கைகள், தாழ்ந்த இருக்கை, பளபளக்கும் பாலிஷ் என்ற ஆர்ட் டெகோ பாணி அப்படித்தான் பார்சி காலனிக்குள்ளும் மாட்டுங்காவுக்குள்ளும் நுழைந்தது. மரம் பெரும்பாலும் தேக்கு. வசதியுள்ளவர்களுக்குப் பர்மா தேக்கு. தமிழ்க் குடும்பங்களில் சோபா கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. கூடத்தில் ஊஞ்சல், ஜன்னலோரம் தாத்தாவுக்குச் சாய்வு நாற்காலி. சாய்வு நாற்காலியைவிட எளிதான மறுபிறவி எந்தச் சாமானுக்கும் கிடையாது. இரண்டு கட்டைகளை உருவி, கித்தானைக் கழற்றி, அதே அளவில் புதிய துணியை இரு முனையிலும் மடித்துத் தைத்து மாட்டினால் தீர்ந்தது. தையற்காரரே போதும்.

இந்தச் சாமான்களை இப்போது வெளியேற்றுவது நாகரிகம் மாறியது மட்டுமில்லை. பெரிய காரணம் கட்டடம். தெற்கு மற்றும் மத்திய மும்பையில் 1969-ல் செஸ் வரி விதிக்கப்பட்ட பழைய வாடகைக் கட்டடங்கள் 19,642. அவற்றில் கணிசமானவை விழுந்துவிட்டன, அல்லது விழுவதற்கு முன்பே கோபுரங்களாகிவிட்டன. மற்றவை வரிசையில் நிற்கின்றன. தாதரின் நய்காவ் பகுதியில் 1920-களில் கட்டிய பி.டி.டி. சால்கள், செம்பூர் திலக் நகரின் பழைய மாடா கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதை. பி.டி.டி. சாலில் 160 சதுர அடி அறையில் இருந்தவர்களுக்கு 500 சதுர அடி வீடு. வொர்லியில் முதல் 556 குடும்பங்களுக்கு 2025 ஆகஸ்டில் சாவி கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு அது விடுதலை. இதில் பழைய சாமானுக்காகக் கண்ணீர் விடுவது அபத்தம்.

ஆனால் பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் நடுவில் ஓர் இடைக்காலம் இருக்கிறது. அங்கேதான் சோபா சாகிறது. கட்டடம் எழும்பும் வரை பில்டர் தரும் வாடகையில் வேறு எங்கோ குடியிருக்க வேண்டும். மும்பையில் வாடகை ஒப்பந்தம் பொதுவாகப் பதினொரு மாதம். மூன்று நான்கு வருடம் இழுத்தால் மூன்று நான்கு வீடுகள். ஒவ்வொரு முறையும் தேக்கு சோபாவை மாடிப்படியில் இறக்கி, டெம்போவில் ஏற்றி, அடுத்த வீட்டு லிஃப்டில் நுழையாமல் மறுபடி படியில் தூக்க வேண்டும். இரண்டாவது மாற்றத்தோடு பெரும்பாலான குடும்பங்களுக்கு அலுத்துவிடும். 'புது வீட்டுக்குப் புது சோபா' என்ற ஆசை அதன் பிறகு வருவது. 2020 டிசம்பரில் நவி மும்பை துர்பேயில் கடை திறந்த ஐக்கியாவையும் ஆன்லைன் கடைகளையும் குற்றம் சொல்வது சுலபம். அவர்கள் வருவதற்கு முன்பே இடம் காலியாகிவிட்டது.

பிரித்தால் தெரியும் சரித்திரம்

இனி அந்த வேலையைப் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் பழைய துணியைக் கிழித்துப் புதிய துணியை ஆணியடிப்பதுபோல் தோன்றும். கிழிக்கிற குஷன்காரர் அரைகுறை. தெரிந்தவர் பிரிப்பார். முதலில் கட்டியவர் எந்த வரிசையில் மூடினாரோ அதற்கு நேர் எதிர் வரிசையில் பிரிக்க வேண்டும்: அடியில் அடித்த கறுப்புத் துணி, முதுகின் வெளிப்பக்கம், கைகளின் வெளிப்பக்கம், பிறகு உள்முதுகு, உள்கை, கடைசியில் இருக்கை. பழைய துணிதான் புதிய துணிக்கு அளவு. தையலை அவிழ்த்து, தரையில் விரித்து, எது இடது கை, எது முன்பக்கம் என்று சுண்ணக்கட்டியால் குறித்து வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிரிக்கப் பிரிக்க வீட்டின் சரித்திரம் வெளிவரும். மேலே காப்பி நிற ரெக்ஸின். அதன் கீழே யாரோ சோம்பேறித்தனமாக எடுக்காமல் விட்ட பூப்போட்ட துணி. அதற்கும் கீழே, மடிப்புகளில் மட்டும் நிறம் மங்காத பச்சை வெல்வெட். இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவிலுள்ள இடுக்கு ஒரு தனி உண்டியல். கொண்டை ஊசி, சீட்டுக்கட்டில் தொலைந்த ஒரு சீட்டு, பேனா மூடி, 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாமல் போன நாலணாக்கள். சிலநேரம் மூட்டைப் பூச்சி. ஆணித் துளைகளிலும் மடிப்புகளிலும் குடும்பம் குடும்பமாக இருக்கும். பழைய சோபாவைக் கண்டு மும்பைவாசிகள் பயப்படுவதற்கு முதல் காரணம் இதுதான், நியாயமான காரணமும்கூட. துணியையும் பஞ்சையும் மொத்தமாக அகற்றி, வெறும் சட்டத்தைக் கொதிநீராவியாலும் மருந்தாலும் இடுக்கு இடுக்காகச் சுத்தம் செய்தால் பூச்சி போய்விடும். மேலே புதுத் துணியை மட்டும் போர்த்தினால் பூச்சிக்கும் புது வீடு.

பழைய சோபாவின் உள்ளே ஒரு சின்னக் கட்டடமே இருக்கிறது. அடித்தளம் சணல் பட்டை, குறுக்கும் நெடுக்கும் பின்னி இழுத்து ஆணியடித்தது. அதன்மேல் சுருள் ஸ்பிரிங்குகள், பட்டையோடு சேர்த்துத் தைத்தவை. ஸ்பிரிங்குகளைக் கயிற்றால் எட்டுத் திசையிலும் இழுத்து ஒன்றோடொன்று கட்ட வேண்டும். முன்னே, பின்னே, பக்கவாட்டில், மூலைக்கு மூலை. இந்தக் கட்டு சரியாக இருந்தால் ஓர் இடத்தில் உட்காரும் எடை எல்லா ஸ்பிரிங்குக்கும் பங்காகும். சரியில்லை என்றால் ஒன்று மட்டும் சாய்ந்து, ஒருநாள் துணியைத் துளைத்துக்கொண்டு வந்து விருந்தாளியைக் குத்தும். ஸ்பிரிங்குக்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் தேங்காய் நார், நாருக்கு மேல் பஞ்சு, பஞ்சுக்கு மேல் காடாத் துணி. கடைசியில்தான் கண்ணுக்குத் தெரியும் துணி. ஆணிகளை வாயில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உதட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு கையால் துணியை இழுத்து மறு கையால் அடிக்கிற பழைய வித்தைக்கு இப்போது வேலையில்லை. காற்றில் இயங்கும் ஸ்டேப்ளர் அந்த வாய்களைக் காப்பாற்றிவிட்டது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வருத்தப்பட வேண்டியது வேறு. ஸ்பிரிங் கட்டுவது நேரம் தின்கிற வேலை. கூலியோ ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு. வாடிக்கையாளர் சீட்டுக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொன்னால், குஷன்காரர் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பங்காருக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிளைவுட் பலகையை அடித்து, மேலே நான்கு அங்குல ஃபோமை வைத்துவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். உட்கார்ந்தால் பெஞ்சு. ஏமாற்றியது யார் என்று கேட்டால் பேரம் பேசியவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஃபோம் என்ற பாலியூரித்தேன் நுரைக்கு வேர் ஜெர்மனியில். அங்கே 1937-ல் ஆட்டோ பேயர் என்ற வேதியியலாளரின் குழு இந்த வேதியியலைக் கண்டுபிடித்தது. மெத்தென்ற நுரையாக அது வீடுகளுக்குள் வந்தது 1950-களுக்குப் பிறகு. நாரும் பஞ்சும் ஏறிய இடத்தில் ஒரே துண்டாக இது உட்கார்ந்துகொண்டது. தொழிலுக்கு இது வரமும் சாபமும். வரம், எவரும் வெட்டி வைத்துவிடலாம். சாபமும் அதேதான்.

கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் இத்தனை கிலோ எடை என்பதே அதன் பொருள். எடையுள்ளது நாள்படத் தாங்கும். இலேசானது சீக்கிரம் குழியும். கையால் அமுக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் இலேசான ஃபோமையும் கெட்டியாகத் தயாரிக்க முடியும். ஆனால் தராசு காட்டிக்கொடுத்துவிடும். இரண்டடிக்கு இரண்டடி, நான்கு அங்குல கனமுள்ள மெத்தை ஒன்று 32 டென்சிட்டி என்றால் சுமார் 1.2 கிலோ இருக்க வேண்டும். 40 என்றால் 1.5 கிலோ. ஒரு கிலோவுக்குக் கீழே நின்றால் கடைக்காரர் சொன்ன எண் வேறு, கொடுத்த சரக்கு வேறு. காய்கறி நிறுக்கிற தராசே போதும்.

அடுத்தது மேல்துணி. மும்பையில் இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பழைய ரெக்ஸின் (அது ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர், பிற்பாடு பொருளின் பெயராகிவிட்டது) காலப்போக்கில் விறைத்து வெடிக்கும். இப்போது 'பி.யூ. லெதர்' என்று விற்கப்படுவது பாம்புச் சட்டைபோல் உரிகிறது. காரணம் ஈரப்பதம். காற்றிலுள்ள நீர் அந்தப் பூச்சை மெல்ல மெல்ல உடைக்கிறது. டெல்லியில் தாங்குகிற மலிவு சரக்கு தாதரில் நான்கு மழைக்காலத்தைத் தாண்டாது. உட்கார்ந்து எழுந்தவரின் வெள்ளைச் சட்டையில் காப்பி நிறத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் சோபாவின் காலம் முடிந்தது என்று அர்த்தம். கெட்டியாக நெய்த துணி இந்த ஊருக்கு மேல். மூன்று பேர் சோபாவுக்கு 54 அங்குல அகலத் துணி ஆறேழு மீட்டர் பிடிக்கும். பெரிய பூ, கட்டம், கோடு என்றால் டிசைன் சேர வேண்டும் என்பதற்காக இன்னும் ஒரு மீட்டர் வீணாகும். ஹிந்த்மாதா துணிக்கடைகளில் கண்ணைப் பறிக்கிற துணியைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது உடுத்துகிற துணி, உட்காருகிற துணி இல்லை.

ஹிந்த்மாதா என்றதும் மும்பைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது துணி இல்லை, வெள்ளம். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரமே மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு தரைத்தள வீடுகளிலிருந்து தெருவுக்கு வந்தவை மெத்தைகளும் சோபாக்களும். ஃபோம் ஒருமுறை சாக்கடை நீரைக் குடித்துவிட்டால் வெயிலில் போட்டாலும் உயிர் பெறாது. பார்ட்டிக்கிள் போர்டு பிஸ்கட்போல் ஊதி உதிரும். தேக்குச் சட்டத்தை நிழலில் காயவைத்து, கழுந்துகளை மறுபடி இறுக்கினால் போதும். கனமழை வருடாவருடம் வருகிற ஊரில் எந்தச் சட்டத்தை வைத்துக்கொள்வது என்பது ரசனையைப் பொறுத்த விஷயம் இல்லை.

கழுந்து பற்றி ஒரு வார்த்தை. பழைய தச்சர்கள் ஒட்டுவதற்கு வஜ்ஜிரத்தைக் காய்ச்சினார்கள். மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுக்கிற பசை அது. நாற்றம் சகிக்காது. ஆனால் வெந்நீரும் ஆவியும் பட்டால் இளகிவிடும், சாமானைச் சேதமில்லாமல் பிரிக்கலாம். 1959-ல் பல்வந்த் பரேக்கின் பம்பாய் நிறுவனம் ஃபெவிகாலைக் கொண்டுவந்து வஜ்ஜிரத்தின் கதையை முடித்தது. அதன் அறுபதாவது வருடத்தில், 2019-ல், பிரசூன் பாண்டே இயக்கி ஒளிபரப்பான விளம்பரப் படம் பலருக்கு நினைவிருக்கும். மணப்பெண்ணோடு சீராக வந்த ஒரு சோபா, தலைமுறை தலைமுறையாக உறை மாறி, வீடு மாறி, கடைசிவரை ஆடாமல் நிற்கும். புகழெல்லாம் பசைக்கு. ஒவ்வொரு முறையும் அந்த உறையை மாற்றிய குஷன்காரரை எவரும் கண்டுகொள்ளவில்லை.

பின்னும் விரல்கள்

பழைய சாமானில் மெத்தை மாற்றுவதற்குப் பக்கத்து வீடு பிரம்பு பின்னுவது. கிங்ஸ் சர்க்கிளில் 1932-ல் தொடங்கிய கூலர் போன்ற இரானி ஓட்டல்களின் அடையாளமே வளைத்த மரத்தாலான கறுப்பு நாற்காலிகள்தான். அந்த வகைக்கு மூதாதை, வியன்னாவில் மைக்கேல் தோனே 1859-ல் கொண்டுவந்த 14-ம் எண் நாற்காலி: ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு மரை. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி. இருக்கை பிரம்பு. அது அறுந்துபோகும் என்பது தோனேக்குத் தெரியும்; அறுந்தால் அதை மட்டும் மாற்றலாம் என்பதும் தெரியும். இன்றைய மடக்குப் பெட்டி ஃபர்னிச்சர்களின் தாத்தா என்று இதைச் சொல்வார்கள். பேரன்களிடம் அந்தக் குணம் மட்டும் இல்லை.

சட்டத்தைச் சுற்றிலும் துளைகள். ஊறவைத்த பிரம்பு நாரை முன்பின்னாக, குறுக்காக, மறுபடி முன்பின்னாக, மறுபடி குறுக்காக, பிறகு இரண்டு மூலைவாட்டிலும் கொண்டுபோனால் எண்கோணக் கண்கள் விழும். துளையை எண்ணுவதும் நாரின் இழுவையைச் சரிபார்ப்பதும் விரல்களின் வேலை. அதனால்தான் உலகம் முழுவதும் பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னுவது ஒரு பாடமாக இருந்தது. இந்தியாவிலும் அப்படியே. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த அன்னா மில்லர்ட் 1900-ல் தொடங்கிய பள்ளிதான் இன்று தாதரில் பார்வையற்ற பெண்களுக்கான பள்ளியாக இருக்கிறது. நாட்டின் பழைமையான பார்வையற்றோர் பள்ளிகளில் அது ஒன்று. பிரம்பு நாற்காலிகள் நிறைந்திருந்த காலத்தில் அரசு அலுவலகங்களே இந்த விரல்களுக்கு வேலை கொடுத்தன. வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலியும் சுழல் நாற்காலியும் வந்ததும் அந்த வேலை சுருங்கியது. 2012-ல் இந்தோனேசியா கச்சாப் பிரம்பு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. வேலைவாய்ப்பில் பார்வையற்றோருக்கு இட ஒதுக்கீடு தந்த 1995 சட்டமும் 2016 சட்டமும் வேறு கதவுகளைத் திறந்தன என்பது ஆறுதல். ஆனால் பரணில் கிழிந்த பிரம்பு நாற்காலியை வைத்துக்கொண்டு, இதைப் பின்ன ஆள் ஏது என்று அலுத்துக்கொள்பவர்கள், பார்வையற்றோர் அமைப்புகளில் ஒருமுறை விசாரிக்கலாம்.

தெருவில் நின்ற சோபா எங்கே போகிறது? அதிர்ஷ்டமுள்ளது சோர் பஜாரின் மட்டன் தெருவுக்கோ, ஜோகேஸ்வரி ஓஷிவாராவின் ஃபர்னிச்சர் சந்தைக்கோ போகும். அங்கே மணல்தாள் தேய்த்து, பாலிஷ் ஏற்றி, புதுத் துணி கட்டி, 'ஆன்டிக்' என்ற பட்டத்தோடு நிற்கும். எடைக்குப் போட்ட குடும்பத்தின் பேரனே பாந்த்ராவில் வீடு வாங்கி, அதே மாதிரி சோபாவைப் பல மடங்கு விலைக்கு வாங்கினால் ஆச்சரியமில்லை. காரைக்குடியில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக்கு இந்தக் கதி எப்போதோ நேர்ந்தது. முனீஸ்வரன் கோயில் தெருவில் அது இன்றும் ஒரு வியாபாரம். இந்தச் சந்தைகளுக்கும் ஆபத்து உண்டு. மரம், ஃபோம், பாலிஷ் மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் ஒரு பொறி போதும். 2025 பிப்ரவரியில் ஓஷிவாரா சந்தையில் பிடித்த தீ கடைகளையும் கிடங்குகளையும் விழுங்கியது.

அதிர்ஷ்டமில்லாதது உடைபட்டு, மரம் விறகாக, மிச்சம் குப்பையாக மாறும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2018-ல் கணக்கெடுத்தபோது அந்த நாடு ஒரே வருடத்தில் தூக்கியெறிந்த ஃபர்னிச்சர் 1.21 கோடி டன். ஐந்தில் நான்கு பங்கு நேராகக் குப்பைமேட்டுக்குப் போனது. மும்பையின் குப்பைமேடு என்றால் செம்பூர்வாசிகளுக்கு முதலில் தோன்றுவது தேவ்னார். 1927 முதல் அங்கே குப்பை கொட்டப்படுகிறது. 2016 ஜனவரியில் அது எரிந்தபோது எழுந்த புகையைச் செயற்கைக்கோள்களும் படம் பிடித்தன. செம்பூரில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை.

அதே தேவ்னாரில் 124 ஏக்கரை 2024-ல் மகாராஷ்டிர அரசு தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒதுக்கியது. இது சோபாக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று தோன்றலாம். குஷன் வேலையின் முதல் மூலதனம் இடம். ஒரு சோபா செட்டைப் பிரித்துப் போட ஒரு முழு அறை வேண்டும். தாதரில் அந்த வாடகையைக் கொடுத்து எவரும் குஷன் தொழில் நடத்த முடியாது. அதனால் வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, வாடிக்கையாளரின் கட்டடத்து வளாகம். பையும் தையல் மெஷினுமாக வந்து, மாமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு நாளில் முடித்துவிட்டுப் போவார்கள். புதிய கோபுரங்களின் சங்கங்கள் இதை அனுமதிப்பதில்லை. சத்தம், தூசி, லாபி அழுக்காகும். மற்றொன்று, குர்லாவிலும் தாராவியிலும் உள்ள சின்னச் சின்ன காலாக்கள்.

திருநெல்வேலியிலிருந்து போனவர்கள் தோல் பதனிட்டு உருவாக்கிய ஊர் தாராவி. தோலையும் ரெக்ஸினையும் வெட்டித் தைக்கத் தெரிந்த கைகள் அங்கே ஏராளம். 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குக் கிடைத்த மறுசீரமைப்பு ஒப்பந்தத்தின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. அதற்குப் பிறகு 2011 வரை வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி. தாராவியின் பட்டறைத் தொழிலாளர்களில் எத்தனையோ பேர் ஏணி வைத்து ஏறுகிற மேல்தளத்துக்காரர்கள். தொழில் போய்விடும் என்று இதற்குப் பொருளில்லை. தாதருக்கும் குஷன்காரருக்கும் நடுவிலுள்ள தூரம் கூடும், டெம்போ வாடகை கூடும், 'இதற்குப் புதுசே வாங்கிவிடலாம்' என்ற பேச்சுக்கு இன்னொரு காரணம் சேரும்.

புதுசே வாங்கலாமா என்பதற்கு நேர்மையான பதில், சிலநேரம் ஆமாம். எல்லாப் பழைய சோபாவும் காப்பாற்றத் தகுந்தது இல்லை. முன்கால் ஒன்றை அரையடி உயரம் தூக்கிப் பாருங்கள். மறு முன்காலும் கூடவே எழும்பினால் சட்டம் உறுதி. அது தரையிலேயே நின்று சோபா மட்டும் முறுக்கிக்கொண்டால் கழுந்துகள் போய்விட்டன. தச்சர் பார்த்த பிறகுதான் குஷன்காரர். அடியில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் உளு. சட்டமே பார்ட்டிக்கிள் போர்டு என்றால் அதன்மேல் நல்ல துணி போடுவது காசைத் தண்ணீரில் போடுவது. தேக்கு, ஈட்டி, நல்ல கருங்காலி என்றால் புதிய மெத்தைச் செலவு ஒரு நடுத்தர புது சோபாவின் விலையை நெருங்கினாலும் லாபம்தான். ஏனென்றால் அந்த விலையில் கிடைக்கிற புது சோபாவுக்குள் அந்த மரம் இருக்காது.

ஒப்பந்தம் பேசும்போது சீட்டுக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்தக் கூடாது. ஸ்பிரிங் இருக்குமா, பலகையா? ஃபோம் என்ன எடை? பழைய துணி அடுக்கு முழுவதும் எடுக்கப்படுமா? பிரித்த பிறகு சட்டத்தைப் பார்க்க ஒருமுறை, ஸ்பிரிங் கட்டிய பிறகு ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. கடைசியில் சோபாவைக் கவிழ்த்துப்போட்டு அடியில் கறுப்புத் துணியை அடிப்பார்கள். அதை அடித்துவிட்டால் உள்ளே இருப்பதை அடுத்த குஷன்காரர் பிரிக்கும்வரை எவரும் பார்க்கப்போவதில்லை. அந்தத் துணியை நீங்கள் வந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள்.